படகு எஞ்சினை ஜீப்பில் மாட்டலாமா?

கேள்வி: செம்மேடு பக்கம் எங்களுக்கு மிளகுத் தோட்டம். மிளகு, பலா, வாழை எல்லாவற்றையும் சோளக்காடு சந்தைக்குக் கொண்டுபோவது பழைய மகிந்திரா எம்.எம். 540 ஜீப்பில்தான். இப்போது எஞ்சின் புகை கக்குகிறது, ஆயில் குடிக்கிறது, ஏற்றத்தில் இழுக்கவே மாட்டேன் என்கிறது. கடலூரில் விசைப்படகிலிருந்து கழற்றிய நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சின் ஒன்று மலிவாக வருகிறது. "லாரிக்கும் படகுக்கும் பிளாக் ஒன்றுதான், மாட்டிவிடலாம்" என்கிறார் மெக்கானிக். வாங்கலாமா?
- ஒரு வாசகர், கொல்லிமலை

பதில்: வேண்டாம். விலை எவ்வளவு இறங்கினாலும் வேண்டாம்.

உங்கள் மெக்கானிக் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. நம் விசைப்படகுகளில் ஓடும் எஞ்சின்களில் பல, லாரி எஞ்சினைப் படகுக்கு ஏற்ப மாற்றியவைதான். அசோக் லேலண்ட் எஞ்சின்களே இதற்கு நல்ல உதாரணம். உங்கள் ஜீப்பில் இருப்பது, 1979-இல் பிரான்சின் பெஜோ நிறுவனத்திடம் உரிமம் பெற்று மகிந்திரா தயாரித்த எக்ஸ்.டி.பி. 4.90 டீசல் எஞ்சின், 2,112 சி.சி. அந்த வரிசை எஞ்சின்களும் வெளிநாடுகளில் படகில் ஓடியிருக்கின்றன. ஆனால் பிளாக் ஒன்றாக இருந்தாலும் அதைச் சுற்றியுள்ள பாகங்கள் வேறு, அது பட்ட பாடும் வேறு.

முதலில் தண்ணீர். படகில் ரேடியேட்டர் கிடையாது. சில எஞ்சின்களில் கடல் நீரே பிளாக்குக்குள் நேராக ஓடும். சூடு கூடினால் உப்பு படியும் என்பதால், அவற்றை 60 டிகிரி செல்சியஸ் அளவிலேயே ஓட்டுவார்கள். ஜீப் எஞ்சினுக்கு 80 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். குளிர்ந்தே ஓடிய எஞ்சினில் ஆயிலில் கசடு சேரும், சிலிண்டர் சீக்கிரம் தேயும். பிளாக்கின் டிரெயின் பிளக்கைக் கழற்றி ஒரு கம்பியை உள்ளே விட்டுப் பாருங்கள். செதில் செதிலாகத் துரு உதிர்ந்தால், உள்ளே தண்ணீர் ஓடும் வழிகள் அரித்துப் போய்விட்டன என்று அர்த்தம். பல படகுகளில் புகைக்குழாய்க்குள்ளும் கடல் நீர் பாயும். எஞ்சின் நின்ற பிறகு அந்த நீர் பின்வாங்கி வால்வு வரை வந்துவிடுவது உண்டு. வெளியே புதுப் பெயிண்ட் அடித்திருந்தால் இது எதுவும் கண்ணுக்குத் தெரியாது.

அடுத்தது உழைப்பு. ஜீப் மேடேறும்போது திணறும், இறங்கும்போது இளைப்பாறும். படகு எஞ்சினுக்கு இறக்கமே கிடையாது. மணிக்கணக்கில் ஒரே பாரத்தில் ஓடிக்கொண்டிருக்கும். 3,000 மணி நேரம் ஓடிய எஞ்சின் என்றால், மணிக்கு 40 கிலோமீட்டர் கணக்கில் பார்த்தாலும் 1,20,000 கிலோமீட்டருக்குச் சமம். அதுவும் முழுக்க ஏற்றத்திலேயே ஓடியதுபோல.

மாட்டுவது என்று இறங்கினால் செலவு அங்கேதான் தொடங்கும். படகு கியர்பாக்ஸ் ஜீப்புக்கு உதவாது. பிளைவீல், கிளட்ச், பெல் ஹவுசிங், ரேடியேட்டர், விசிறி, ஆயில் சம்ப், சைலென்சர், மவுண்டிங் எல்லாம் புதிதாகச் செய்தாக வேண்டும். டீசல் பம்பும் கவர்னரும் சீரான வேகத்துக்கு அமைத்தவை. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறும் சாலையில், ஒவ்வொரு வளைவிலும் கியர் குறைத்து, ஆக்சிலேட்டரை மிதித்த உடனே இழுவை வர வேண்டும். இறங்கும்போது எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்த வேண்டும். லாரி வகை எஞ்சினாக இருந்தால் எடை வேறு கூடும். முன்பக்கம் பாரம் ஏறினால் ஸ்டியரிங்கும் பிரேக்கும் பழையபடி இருக்காது.

சட்டமும் இடம் தராது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவுப்படி, உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019-இல் சேர்த்த 182ஏ பிரிவின்படி, அப்படி மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆர்.சி.யில் உள்ள எஞ்சின் எண் ஒத்துப்போகாவிட்டால் பதிவைப் புதுப்பிப்பதில் சிக்கல் வரும். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கையை விரிக்கவும் கூடும்.

அப்படியானால் என்ன செய்வது? முதலில் உங்கள் எஞ்சினுக்கு வைத்தியம் பாருங்கள். புகை நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. கருப்பாக வந்தால் நாசில், பம்ப், ஏர் ஃபில்டரைச் சோதிக்க வேண்டும். ஹீட்டர் பிளக் துளை வழியாக நான்கு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் பாருங்கள். நாசிலையும் பம்பையும் சரிசெய்தே இழுவை திரும்பிய வண்டிகள் ஏராளம். கம்ப்ரஷன் குறைந்திருந்தால் பிஸ்டன், லைனர், ரிங் மாற்றி, கிராங்கைக் கிரைண்டிங் செய்யலாம். லாரித் தொழிலுக்குப் பேர்போன நாமக்கல்லில் இதற்குப் பட்டறைகளும் கைதேர்ந்தவர்களும் இருக்கிறார்கள். பிளாக்கே விரிசல் விட்டிருந்தால், அதே தயாரிப்பு, அதே வகை எஞ்சினை, விற்பவரிடம் பில்லும் பழைய ஆர்.சி. நகலும் கேட்டு வாங்குங்கள். மாட்டும் முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அனுமதி பெற்று, புது எண்ணை ஆர்.சி.யில் ஏற்றிவிடுங்கள்.

படகு எஞ்சினைத் தோட்டத்தில் ஒரே இடத்தில் நிறுத்தித் தண்ணீர் இறைக்கலாம். ஆட்களும் மூட்டைகளும் ஏறும் மலை வண்டிக்கு அது ஆகாது. அதற்கு ஒதுக்கிய பணத்தைச் சொந்த எஞ்சினுக்கே செலவிடுங்கள்.