ஒரு கண் நன்றாகத் தெரிந்தால் போதுமா?

குழந்தை ஓடியாடி விளையாடுகிறது, தொலைக்காட்சி பார்க்கிறது, புத்தகத்தைத் தடையின்றிப் படிக்கிறது. ஆகவே பார்வையில் குறை ஏதுமில்லை என்று பெற்றோர் எண்ணுவது இயல்பே. ஆயினும் இவை அனைத்தையும் ஒரே ஒரு கண்ணின் துணைகொண்டும் செய்ய இயலும். மற்றொரு கண் மங்கலாயிருப்பதைக் குழந்தை உணர்வதில்லை. பிறந்தது முதல் அவ்வாறே பார்த்துப் பழகியதால் அதைச் சொல்லவும் அறியாது.

சோம்பல் கண் என்பது யாது?

கண் காட்சியைப் பதிவு செய்கிறது. அதைப் பொருளுணர்ந்து காண்பது மூளை. இளம் வயதில் இரு கண்களிலிருந்தும் தெளிவான உருவம் மூளையைச் சென்றடைந்தால்தான் பார்வை முழுமையாக வளரும். ஒரு கண்ணில் மட்டும் பவர் மிகுதியாக இருந்தாலோ, மாறுகண் இருந்தாலோ, மூளை அக்கண்ணின் மங்கிய உருவத்தைப் புறக்கணித்து, நல்ல கண்ணையே சார்ந்திருக்கப் பழகிவிடும். இதுவே சோம்பல் கண். இந்நிலை வேரூன்றிய பின்னர், சரியான கண்ணாடி அணிந்தாலும் அக்கண்ணில் முழுப் பார்வை உடனே கிடைப்பதில்லை.

7 அல்லது 8 வயதுக்குள் சிகிச்சை தொடங்கினால் மிகுந்த பயன் உண்டு. அதற்குப் பின்னரும் முயலலாம். ஆனால் வயது ஏற ஏறப் பலன் குறையும். எனவே, பள்ளியில் என்றேனும் பரிசோதிப்பார்கள் என்று காத்திராமல், 3 அல்லது 4 வயதிலேயே ஒருமுறை கண்களைப் பரிசோதிப்பது நன்று.

ஆப்டோமெட்ரிஸ்ட் செய்யும் பணி

கண்ணின் பார்வைத்திறனை அளந்து, கண்ணாடியின் பவரைக் கணித்து, நோயின் அறிகுறி தென்பட்டால் கண் மருத்துவரிடம் அனுப்புபவர் ஆப்டோமெட்ரிஸ்ட். நோய்க்கு மருந்தளிப்பதும் அறுவை சிகிச்சை செய்வதும் கண் மருத்துவரின் பொறுப்பு. ஆப்டோமெட்ரிக்கு நான்காண்டுப் பட்டப்படிப்பை நம் நாட்டில் தொடங்கிய முன்னோடிக் கல்லூரி, சங்கர நேத்ராலயா 1985-இல் நிறுவிய எலைட் ஸ்கூல் ஆப் ஆப்டோமெட்ரி. ஆதம்பாக்கத்தை அடுத்த பரங்கிமலையில் அது பல்லாண்டுகள் மாணவர்களைப் பயிற்றுவித்தது.

எழுத்தறியாத குழந்தையையும் பரிசோதிக்க இயலும். படங்களைக் காட்டி அடையாளம் கேட்பர். ரெட்டினோஸ்கோப் என்னும் கருவியால் கண்ணுக்குள் ஒளி செலுத்தி, அது திரும்பும் விதத்தைக் கொண்டு பவரைக் கணிப்பர். குழந்தைகளின் கண்தசைகள் எளிதில் இறுகித் தவறான அளவைக் காட்டக்கூடும் என்பதால், சொட்டு மருந்திட்டு அவற்றைத் தளர்த்திய பின்னரே அளப்பர். அதன் பின் சில மணி நேரம், சில வேளைகளில் ஒரு நாள் வரையிலும், அருகிலுள்ளவை மங்கலாகத் தெரியும், வெளிச்சம் கூசும். இது குறித்து அஞ்ச வேண்டியதில்லை.

சிகிச்சையும் குடும்பத்தின் பங்கும்

முதல் மருந்து கண்ணாடியே. விழித்திருக்கும் நேரம் முழுவதும் அணிந்தால், சில மாதங்களில் பல குழந்தைகளுக்குப் பார்வை மேம்படும். அது போதாதெனில், நல்ல கண்ணை நாள்தோறும் குறிப்பிட்ட நேரம் மூடிவைத்து மற்றக் கண்ணுக்கு வேலை தருவர். எத்தனை மணி நேரம் மூடுவது என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்; அளவு மீறினால் நல்ல கண்ணின் பார்வையும் குறையக்கூடும். ஆகவே குறித்த நாளில் மறுபரிசோதனைக்கு வருவது இன்றியமையாதது.

கண்ணாடி அணிந்தால் பவர் கூடும் என்பது தவறான நம்பிக்கை. பெண் குழந்தைக்குக் கண்ணாடியா என்று தயங்கி நாட்களைக் கடத்துவோரும் உளர். அத்தயக்கத்தால் இழக்கும் பார்வையைப் பின்னாளில் எளிதில் மீட்க இயலாது. எளிதில் உடையாத பாலிகார்பனேட் கண்ணாடியைத் தேர்ந்தெடுத்தால் நல்ல கண்ணுக்கும் அது காப்பாகும்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

• ஒரு கண்ணை மூடும்போது குழந்தை அமைதியாக இருந்து, மற்றொன்றை மூடும்போது மட்டும் அழுதாலோ கையைத் தட்டிவிட்டாலோ பரிசோதனை தேவை.
• தலையைச் சாய்த்துப் பார்த்தல், கண்ணைச் சுருக்குதல், மாறுகண் ஆகியவற்றைப் புறக்கணிக்கலாகாது.
• கண்மணியில் வெண்மை தெரிந்தால், ஒரு நாளும் தாமதியாமல் கண் மருத்துவரை அணுகவும்.
• பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ அதிகப் பவர், மாறுகண் அல்லது சோம்பல் கண் இருந்தால், அறிகுறி இல்லாவிடினும் குழந்தையைப் பரிசோதிக்கவும்.

பரிசோதனை முடிந்ததும், “ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியே பார்வை எவ்வளவு?” என்று கேட்டு, அந்த அளவைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பரிசோதனையில் முன்னேற்றத்தை அறிய அக்குறிப்பே துணைசெய்யும்.