பத்து வயதில் பேச்சு வர வேண்டும்

"நல்லா படிக்கிறான் சார். நாலு பேர் முன்னாடி பேசச் சொன்னா மட்டும் வாயே திறக்க மாட்டேங்கிறான்." சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் வேலை பார்க்கும் பெற்றோர் என்னிடம் அதிகம் சொல்லும் குறை இது.

இதை லேசாக விடாதீர்கள். கேம்பஸ் இன்டர்வியூவில் குரூப் டிஸ்கஷன் என்றொரு ரவுண்ட் வரும். எண்பது மார்க்காரன் அங்கே வாய்மூடி உட்கார்ந்தால், அறுபது மார்க் எடுத்துப் பேசத் தெரிந்தவன் அடுத்த ரவுண்டுக்குப் போய்விடுவான். அதற்கு இருபது வயதில் காசு கட்டிக் கோச்சிங் போவதைவிட, ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் வீட்டிலேயே தொடங்குவது லாபம்.

1. பேச்சை நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள். ஸ்கூலில் போட்டி என்றதும் ரெண்டு பக்கம் எழுதி, மனப்பாடம் செய்யவைத்து, எந்த வரிக்குக் கையை உயர்த்த வேண்டும் என்பதுவரை சொல்லித் தருகிறோம். நடுவில் ஒரு வரி மறந்தால் பிள்ளை அங்கேயே நின்றுவிடும். அந்த ஒரு நிமிட அவமானம் வருஷக்கணக்கில் மைக்கைக் கண்டாலே பயமுறுத்தும்.

2. பிள்ளைக்குத் தெரிந்ததைப் பேசச் சொல்லுங்கள். இதுதான் முக்கியம். மார்க்கெட்டில் லோடு ஏற்றும் நண்பர் ஒருவரின் மகள், ஆறாம் வகுப்பு. மரம் வளர்ப்போம் என்ற தலைப்பில் மூன்றாவது வரியிலேயே திணறினாள். அப்பா கொண்டுவந்த கம்பித் துண்டைக் கையில் கொடுத்து, "இதைப் பத்திச் சொல்லும்மா" என்றேன். "இது பன்னெண்டு எம்எம் கம்பி. பன்னெண்டைப் பன்னெண்டால பெருக்கினா 144. அதை 162-ஆல வகுத்தா 0.89. ஒரு மீட்டர் கம்பி அவ்ளோ கிலோ. முழுக் கம்பி 12 மீட்டர், அப்போ பத்தரை கிலோவுக்கு மேல. இது தெரிஞ்சா எடையில யாரும் ஏமாத்த முடியாது" என்றாள். முழுக் கம்பி என்றபோது இரண்டு கையும் தானாக விரிந்தன. யாரும் சொல்லித்தராத அந்த அசைவுதான் உண்மையான பாடி லாங்குவேஜ். உங்கள் வீட்டில் மீன், டிரெய்லர், தையல் மெஷின் என்று எது இருக்கிறதோ, அதுவே தலைப்பு.

3. போனில் ஒரு நிமிட டைமர் வையுங்கள். பேசும்போது குறுக்கே திருத்தாதீர்கள். முடித்த பிறகு ஒரே ஒரு திருத்தம்: இன்று குரல், நாளை பார்வை, மறுநாள் "அது வந்து, அது வந்து" என்று இழுப்பது. பிறகு இரண்டு கேள்வி கேளுங்கள். மனப்பாடக்காரன் விழுவது கேள்வியில்தான்; நாளைக்கு இன்டர்வியூவில் இருக்கப்போவதும் கேள்விகள்தான்.

4. ஆளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். முதலில் வீடு, பிறகு பக்கத்து வீட்டு அத்தை, டியூஷன் பிள்ளைகள், கடைசியில் ஸ்கூல் பிரேயர்.

5. முதலில் தமிழ். இங்கிலீஷ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேலைக்கு அது கட்டாயம் வேண்டும். ஆனால் யோசனையைக் கோவையாகச் சொல்லும் பழக்கம் தாய்மொழியில்தான் சீக்கிரம் அமையும். அது அமைந்தபின் மொழியை மாற்றுவது சுலபம். 1918-ல் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவான நாட்களில், ஆலைத் தொழிலாளர்களிடம் திரு.வி.க. பேசியது தமிழில்தான்.

பழகிய பிறகு களத்தில் இறக்குங்கள். காந்தி, நேரு, அம்பேத்கர், பெரியார், அண்ணா போன்ற தலைவர்களின் பிறந்தநாளையொட்டி, தமிழ் வளர்ச்சித் துறை பள்ளி மாணவர்களுக்கு மாவட்ட அளவில் பேச்சுப் போட்டி நடத்துகிறது. முதல் பரிசு 5,000 ரூபாய், இரண்டாவது 3,000, மூன்றாவது 2,000. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் இருவருக்குத் தனியாகச் சிறப்புப் பரிசும் உண்டு. பள்ளி வழியாகத்தான் பெயர் போக வேண்டும். சர்க்குலர் வந்ததா என்று இந்த வாரமே தலைமையாசிரியரைப் பார்த்துக் கேளுங்கள்.