சுவரில் ஓர் ஒளியியல் பாடம்

காலையில் பள்ளிக்குப் பேருந்தில் போகிறீர்கள். சன்னல் ஓரத்தில் இடம் கிடைத்திருக்கிறது. வழியில் ஒரு நீண்ட மதில் சுவர். அதில் முந்திய இரவு ஒட்டிய சினிமாச் சுவரொட்டி. பேருந்து அதைக் கடந்து போய்விடுகிறது. ஆனாலும், படத்தின் பெயர் என்ன, நடிப்பவர் யார் என்று எவரேனும் கேட்டால் தயங்காமல் சொல்லிவிடுவீர்கள். அதே சுவரில், அதற்குப் பக்கத்திலேயே ஓர் ஏல அறிவிப்பும் ஒட்டியிருந்தது. அதில் என்ன எழுதியிருந்தது? ஒரு சொல்கூட நினைவிராது!

இது எப்படி நேர்கிறது? "சினிமா என்றால் நமக்கு ஆசை, அதனால் நினைவிருக்கிறது" என்று நீங்கள் சொல்லலாம். அது பாதி விடைதான். மீதிப் பாதி விடை உங்கள் இயற்பியல் புத்தகத்தில், ஒளியியல் பகுதியில் இருக்கிறது. வாருங்கள், அந்தச் சுவரொட்டியையே இன்று பாடமாக வைத்துக்கொள்வோம்.

மூன்று வினாடி

முதலில் ஒரு சிறு கணக்கு. பேருந்து மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். அதாவது வினாடிக்கு 10 மீட்டர். சுவரொட்டி உங்கள் பார்வையில் படும் தொலைவு 30 மீட்டர் என்றால், அதைப் பார்க்க உங்களுக்குக் கிடைப்பது 3 வினாடி மட்டுமே. புத்தகத்தின் அட்டையை நாம் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறோம். சுவரொட்டிக்கு அந்த வசதி இல்லை. தொலைவிலிருந்து, ஓடும் கண்ணுக்கு, 3 வினாடிக்குள் அது தன் செய்தியைச் சொல்லியாக வேண்டும். அதை வரைபவரின் தந்திரங்கள் எல்லாம் இந்த ஒரு நெருக்கடியிலிருந்து பிறந்தவையே.

எழுத்து எவ்வளவு பெரியது?

ஒரு பொருள் பெரிதாகத் தெரிவதும் சிறிதாகத் தெரிவதும் அது நம் கண்ணில் உண்டாக்கும் கோணத்தைப் பொறுத்தது. இதைப் பார்வைக் கோணம் என்கிறோம். ஒரு பாகையை 60 பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு கலை. குறையற்ற கண், ஏறத்தாழ 1 கலை இடைவெளியில் உள்ள இரு புள்ளிகளைத் தனித்தனியாகக் காண வல்லது. அதைவிட நெருங்கிய புள்ளிகள் ஒன்றாகக் கலந்துவிடும்.

3438 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பொருளின் அளவைப்போல் 3438 மடங்கு தொலைவில் நின்றால், அது 1 கலைக் கோணத்தில் தெரியும். ஒரு மில்லிமீட்டர் கோடு 3.4 மீட்டரில் இந்த நிலைக்கு வந்துவிடும்.

டச்சு நாட்டு மருத்துவர் ஸ்நெல்லன் 1862ஆம் ஆண்டில் கண் சோதனைக்கான எழுத்து அட்டையை அமைத்தபோது இந்த விதியைத்தான் பயன்படுத்தினார். எழுத்தின் கோடு 1 கலை, முழு எழுத்தின் உயரம் 5 கலை. 6 மீட்டர் தொலைவுக்கு இது 8.7 மில்லிமீட்டர் ஆகிறது.

இதே கணக்கைச் சுவருக்குக் கொண்டு செல்வோம். 20 சென்டிமீட்டர் உயரமுள்ள தலைப்பு எழுத்தை எவ்வளவு தொலைவிலிருந்து படிக்கலாம்? அதன் ஐந்தில் ஒரு பங்கு 4 சென்டிமீட்டர். அதை 3438ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 137 மீட்டர். இது கண்ணின் கடைசி எல்லை. அசையாமல் நின்று, கூர்ந்து பார்த்தால்தான் இத்தனை தொலைவு. மேலும் நம் தமிழ் எழுத்துகளில் சுழிகள் மிகுதி. 'ன'வும் 'ண'வும் ஒரே ஒரு சுழியால் வேறுபடுகின்றன. ஆகவே இதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 45 மீட்டர் வரை வசதியாகப் படிக்கலாம் என்று வைத்துக்கொள்வது நியாயம். தெருவின் அகலத்துக்கும் அடுத்த திருப்பத்துக்கும் அது போதும்.

சுவரொட்டியின் அடியில் காட்சி நேரம், திரையரங்கின் பெயர் முதலியவை சிறிய எழுத்தில் இருக்கும். ஒரு சென்டிமீட்டர் எழுத்து 7 மீட்டருக்கு அப்பால் குறையற்ற கண்ணுக்கும் தெரியாது. இது தவறா? இல்லை. முகம் தொலைவிலிருந்தே அழைக்கிறது. தலைப்பு நடுவழியில் பெயரைச் சொல்கிறது. சிறு எழுத்து "அருகே வா" என்கிறது. நாமும் சாலையைக் கடந்து அருகே போகிறோம்!

மஞ்சளின் வெற்றி

கறுப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்து. இதை எத்தனை சுவரொட்டிகளில் பார்த்திருப்பீர்கள்! ஏன் மஞ்சள்?

நம் கண் எல்லா நிறங்களையும் ஒரே அளவில் உணர்வதில்லை. பகல் வெளிச்சத்தில் 555 நானோமீட்டர் அலைநீளமுள்ள மஞ்சட்பச்சை ஒளியைத்தான் அது மிகுதியாக உணர்கிறது. அந்த உணர்திறனை 100 என்று கொண்டால், 580 நானோமீட்டரில் உள்ள மஞ்சளுக்கு 87. 650 நானோமீட்டரில் உள்ள சிவப்புக்கு ஏறத்தாழ 11. 450 நானோமீட்டரில் உள்ள நீலத்துக்கு 4 மட்டுமே.

மஞ்சள் மை என்ன செய்கிறது? தன்மேல் விழும் வெள்ளொளியில் நீலத்தை மட்டும் உட்கவர்ந்துகொண்டு, பச்சையையும் சிவப்பையும் திருப்பி அனுப்புகிறது. அதாவது, நம் கண் அதிகம் பொருட்படுத்தாத பகுதியை மட்டுமே அது இழக்கிறது. ஆகவே மஞ்சள், ஒளியில் வெள்ளைக்கு அடுத்தபடி நிற்கிறது. ஆனால் வெள்ளையைப் போல் வெறுமையாக இல்லாமல் நிறமாகவும் இருக்கிறது. கறுப்புக்கு மேல் அது பளிச்சிடுவதில் வியப்பென்ன?

அதே மஞ்சளை வெள்ளைத் தாளில் எழுதிப் பாருங்கள். எழுத்து மறைந்தே போகும். நீலத்தின் மேல் கருஞ்சிவப்பு எழுத்தும் அப்படியே. நிறம் வேறுபட்டாலும் ஒளிச்செறிவு ஒன்றாக இருந்தால் எழுத்தின் விளிம்பு கண்ணுக்குப் பிடிபடாது. எழுத்தைப் படிக்கவைப்பது நிறத்தைவிட ஒளி-இருள் வேறுபாடே.

இதை நீங்களே சோதிக்கலாம். வீட்டுப் பெரியவர்களின் கைப்பேசியில் ஒரு சுவரொட்டியைக் கறுப்பு வெள்ளையாகப் படம் எடுத்துப் பாருங்கள். நன்றாக அமைந்த சுவரொட்டி அப்போதும் தெளிவாகப் பேசும். மற்றது சாம்பல் நிறத்தில் கலங்கிக் கிடக்கும்.

இன்னொரு சோதனைக்கு மாலை நேரம் வேண்டும். சிவப்புத் தலைப்பும் நீலப் பகுதியும் உள்ள ஒரு சுவரொட்டியை மாலை 5 மணிக்கும், தெருவிளக்கு எரியுமுன் இருள் கவியும் நேரத்திலும் பாருங்கள். சிவப்பு கறுத்துவிடும்; நீலம் முன்னைவிடத் துலங்கும். மங்கிய ஒளியில் விழித்திரையின் கூம்பு செல்கள் ஓய்ந்து, கோல் செல்கள் வேலையை ஏற்கின்றன. அவற்றின் உச்ச உணர்திறன் 507 நானோமீட்டருக்கு நகர்ந்துவிடுகிறது. சிவப்பை அவை ஏறக்குறைய உணர்வதே இல்லை. செக் நாட்டு அறிஞர் புர்க்கின்யே 1825ஆம் ஆண்டில் இதைப் பற்றி எழுதினார்.

அண்டை நிறத்தின் வேலை

பாரிஸ் நகரில் கோப்ளேன் என்ற புகழ்பெற்ற திரைச்சீலை நெசவுக்கூடம் உண்டு. அதன் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் செவ்ரோல் என்னும் வேதியியலார். கறுப்பு நூலில் கருமை போதவில்லை என்று அவரிடம் புகார் வந்தது. ஆராய்ந்து பார்த்தார். சாயத்தில் குற்றமில்லை, கறுப்புக்குப் பக்கத்தில் நெய்த நீலமும் ஊதாவுமே அதை வெளிறச் செய்தன! ஒரு நிறம் எப்படித் தோன்றும் என்பதை அதன் அண்டை நிறமும் தீர்மானிக்கிறது என்ற இந்த உண்மையை விரித்து அவர் 1839ஆம் ஆண்டில் ஒரு நூலாக வெளியிட்டார்.

ஒரு சிவப்புக் காகிதத்தை 30 வினாடி உற்றுப் பார்த்துவிட்டு வெள்ளைச் சுவரைப் பாருங்கள். பச்சை கலந்த நீலம் தோன்றும். அது சிவப்பின் நிரப்பு நிறம். ஒன்றுக்கொன்று நிரப்பான இரு நிறங்களை அருகருகே வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும். மனிதத் தோலின் நிறம் செம்மஞ்சளைச் சார்ந்தது. அதற்கு எதிர்நிறம் நீலம். நீலப் பின்னணியில் கதாநாயகனின் முகம் முன்னே துருத்தி நிற்பதுபோல் தோன்றுவதன் மருமம் இதுதான்.

ஏன் முகம்?

கையை நீட்டிக் கட்டைவிரலை உயர்த்துங்கள். அதன் நகத்தின் அகலம் ஏறத்தாழ 2 பாகை. உங்கள் கண் மிகத் தெளிவாகக் காண்பது அவ்வளவு சிறிய வட்டத்தை மட்டுமே. 10 மீட்டர் தொலைவிலுள்ள சுவரில் அது 35 சென்டிமீட்டர் வட்டம். மீதமெல்லாம் மங்கல்தான். கண் இடம் விட்டு இடம் தாவித் தாவிப் பார்ப்பதால் முழுப் படத்தையும் பார்த்ததாக நமக்குத் தோன்றுகிறது. வினாடிக்குச் சுமார் மூன்று தாவல்கள். ஆக, பேருந்தில் கிடைக்கும் 3 வினாடியில் உங்களுக்கு ஒன்பது பார்வைகள்!

அந்த ஒன்பதும் எங்கே விழும்? சோவியத் ஆய்வாளர் யார்பஸ், கண்ணின்மேல் சிறு கருவியைப் பொருத்திப் பார்வை செல்லும் வழியைப் பதிவு செய்தார். 1965ஆம் ஆண்டில் வெளிவந்த அவர் நூலில் அந்தக் கோட்டுப் படங்கள் உள்ளன. மனிதர் உள்ள ஓவியத்தைப் பார்ப்பவரின் கண், முகங்களிலும் அம்முகங்களின் கண்களிலுமே திரும்பத் திரும்ப நிற்கிறது. ஆகவேதான் சுவரொட்டியில் ஒரு முகம் பெரிதாக இருக்கிறது. தலைப்பு அதன் அருகிலேயே நிற்கிறது. பத்து முகங்களைச் சம அளவில் அடுக்கினால் ஒன்பது பார்வையும் முகங்களிலேயே செலவாகிவிடும், தலைப்புக்கு மிச்சமிராது.

முகமே இல்லாமலும் கண்ணை ஈர்க்க முடியும் என்று காட்டியவர் அமெரிக்க ஓவியர் சால் பாஸ். 1958ஆம் ஆண்டில் வெளிவந்த ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ' படத்துக்கு அவர் அமைத்த சுவரொட்டியில், செம்மஞ்சள் பரப்பில் ஒரு வெண்சுருள்; அதன் நடுவே சிறு உருவங்கள். அவ்வளவுதான்.

புள்ளிகளின் மாயம்

சுவரொட்டிக்கு மிக அருகில் சென்று உருப்பெருக்கியால் பாருங்கள். கதாநாயகியின் கன்னம் மறைந்து, வெறும் புள்ளிகள் தெரியும். பசுநீலம், செந்நீலம், மஞ்சள், கறுப்பு என்ற நான்கே மைகள்! பசுநீல மை சிவப்பு ஒளியையும், செந்நீல மை பச்சையையும், மஞ்சள் மை நீலத்தையும் உட்கவர்கின்றன. இவற்றைக் கூட்டியும் குறைத்தும் பிற நிறங்களைப் பெறுகிறார்கள். சிவகாசியின் அச்சகங்களில் நாட்காட்டிகளுக்கும் சுவரொட்டிகளுக்கும் வேலை செய்வது இந்தத் தத்துவமே.

சென்டிமீட்டருக்கு 20 புள்ளி என்றால் இடைவெளி அரை மில்லிமீட்டர். 3438ஆல் பெருக்கிப் பாருங்கள்: 1.7 மீட்டருக்கு அப்பால் புள்ளிகள் கலந்துவிடும். சுவரொட்டியை யாரும் மூக்கருகே வைத்துப் பார்ப்பதில்லையாதலால் இவ்வளவு பெரிய புள்ளியே போதும்.

பழைய சுவரொட்டி ஏன் நீலமாகிவிடுகிறது என்று கவனித்ததுண்டா? வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர்கள் நிறப்பொருளின் மூலக்கூறுகளைச் சிதைக்கின்றன. மஞ்சளும் செந்நீலமும் முதலில் வெளிறுகின்றன. உறுதிமிக்க பசுநீலமும் கறுப்பும் எஞ்சி நிற்கின்றன.

சுவரொட்டி கண்டுபிடித்த குறை

இந்தப் பாடத்தை நான் கற்கத் தொடங்கிய கதையையும் சொல்லிவிடுகிறேன். ஏழாம் வகுப்பில் படித்தபோது, எங்கள் பள்ளி வாசலுக்கு எதிரே மைதானத்துக்கு அப்பால் ஒரு தேநீர்க் கடை. வெள்ளிக்கிழமை தோறும் அதன் சுவரில் புதுப்படத்தின் சுவரொட்டி. நண்பர்கள் வாசலில் நின்றபடியே உரக்கப் படிப்பார்கள். எனக்கு முகம் மட்டும் கலங்கித் தெரியும். தெரியவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு, நானும் அவர்களோடு சேர்ந்து தலையாட்டுவேன். வகுப்பில் கரும்பலகையும் அப்படித்தான். கணக்கில் மதிப்பெண் குறைந்துகொண்டே வந்தது. "கவனம் இல்லை" என்று வீட்டில் திட்டு விழுந்தது.

ஒரு நாள் அறிவியல் ஆசிரியர் பின்னால் வந்து நின்றார். "என்னடா படம் இன்னைக்கு?" என்றார். நான் முந்தின வாரப் படத்தின் பெயரைச் சொன்னேன். நண்பர்கள் சிரித்தார்கள், ஆசிரியர் சிரிக்கவில்லை. "சுவரைப் பார்த்து நட. எழுத்துத் தெரிஞ்சதும் நில்லு" என்றார். நண்பர்கள் சுவரிலிருந்து 40 அடிவைப்பில் படித்ததை, நான் 12 அடிவைப்பில்தான் படித்தேன். அன்று மாலையே அவர் என் அப்பாவைப் பார்த்துப் பேசினார். அடுத்த வாரம் குழிவில்லைக் கண்ணாடி வந்தது. வாசலில் நின்று முதன்முறையாகத் திரையரங்கின் பெயரைப் படித்தேன்.

40ஐ 12ஆல் வகுத்துப் பாருங்கள். 1 கலையைப் பிரித்தறிய வேண்டிய என் கண், 3 கலைக்கு மேல் வேண்டும் என்றிருந்தது. கவனக் குறைவு இல்லை. விழித்திரைக்கு முன்னாலேயே பிம்பம் விழுந்த கிட்டப்பார்வை, அவ்வளவே.

ஆகவே நாளை நண்பர்களோடு செல்லும்போது ஒரு சுவரொட்டியைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொருவரும் எத்தனை அடிவைப்பில் படிக்கிறீர்கள் என்று அளந்து பாருங்கள். எவரேனும் பாதித் தொலைவுக்குப் போக நேர்ந்தால் கேலி செய்யாதீர்கள். அவர் வீட்டிலோ ஆசிரியரிடமோ சொல்லுங்கள். கண் மருத்துவரிடம் ஒரு முறை காட்டச் சொல்லுங்கள்.

படம் நன்றாக இருக்குமா என்பதைச் சுவரொட்டி சொல்லாது, இயற்பியலும் சொல்லாது. ஆனால் அது உங்கள் கண்ணை எப்படிப் பிடித்து இழுத்தது என்பது இப்போது உங்களுக்குத் தெரியும்.