கடினமான முடிவும் காகிதக் கணக்கும்

விளைந்த பருத்தியை உடனே விற்பதா, இருப்பு வைத்து அதன்மீது கடன் பெறுவதா? பழகிய சேலை ரகத்தையே நெய்வதா, ஜக்கார்டு பெட்டி பொருத்திப் புதிய ரகத்திற்கு மாறுவதா? இத்தகைய கேள்விகள் நம் அங்கத்தினர்களுக்குப் புதியனவல்ல. பெரும்பாலோர் இவற்றை மனத்திலேயே வைத்துப் புரட்டிக்கொண்டிருக்கின்றனர். காலையில் ஒரு பக்கத்து நியாயம் பெரிதாகத் தோன்றும்; மாலையில் மறுபக்கத்து நியாயம் எழுந்து முன்னதை மறைத்துவிடும். முடிவில் களைத்துப்போய், கடைசியாகப் பேசியவர் சொன்னதையே செய்துவிடுகிறோம்.

இச்சங்கடத்திற்கு ஒரு வழியை அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின், 1772 செப்டம்பரில் தம் நண்பர் ஜோசப் பிரீஸ்ட்லிக்கு எழுதிய கடிதத்தில் விளக்கினார். ஷெல்பர்ன் பிரபுவிடம் வேலைக்குச் செல்லலாமா என்பது பிரீஸ்ட்லியின் கேள்வி. எதைச் செய்ய வேண்டும் என்று பிராங்க்ளின் கூறவில்லை. எப்படி முடிவு செய்வது என்பதை மட்டும் கூறினார். எல்லா நியாயங்களும் ஒரே நேரத்தில் மனத்தின்முன் நிற்பதில்லை என்பதே தடுமாற்றத்திற்குக் காரணம் என்பது அவர் கருத்து. ஆகவே ஒரு தாளின் நடுவே கோடிட்டு, ஒருபுறம் சாதகங்களையும் மறுபுறம் பாதகங்களையும் மூன்று நான்கு நாட்கள் நினைவுக்கு வரவர எழுத வேண்டும். பிறகு நிறுத்துப் பார்க்க வேண்டும். ஒரு சாதகமும் ஒரு பாதகமும் சமமானால் இரண்டையும் அடித்துவிடலாம். ஒரு சாதகம் இரண்டு பாதகங்களுக்கு ஈடானால் மூன்றையும் அடித்துவிடலாம். எஞ்சுவது எப்பக்கமோ, அப்பக்கமே முடிவு. அதற்குப் பின்னும் ஓரிரு நாள் பொறுத்து, புதிதாக முக்கியமானது எதுவும் தோன்றவில்லையெனில் செயலில் இறங்கலாம். பிரீஸ்ட்லி 1773 இல் அவ்வேலையை ஏற்றார். அங்கிருந்தபோதுதான் 1774 இல் பிராணவாயுவைப் பிரித்தெடுத்தார் என்பது இங்கே ஒரு சுவையான செய்தி.

இனி நம் தறிக்கு வருவோம். ஜக்கார்டுக்கு மாற எண்ணும் நெசவாளர் 'கூலி கூடும்' என்று மட்டும் எழுதினால் போதாது. சேலைக்கு எவ்வளவு கூடும், மாதத்தில் எத்தனை சேலை முடியும் என்று தொகையாக எழுத வேண்டும். எதிர்ப்பக்கத்தில் கடன் தவணை, அட்டை குத்தும் செலவு, தறி மாற்றும் நாட்களில் இழக்கும் கூலி ஆகியவை வரும். பெட்டி தறியின்மேல் உயரத்தில் அமைவதால் வீட்டுக் கூரை இடம் கொடுக்குமா என்பதும் வரும். சிலர் இதைப் பெட்டி வந்து இறங்கிய பிறகே அளந்து பார்க்கின்றனர்! தார் சுற்றித் தரும் இல்லத்தரசியையும் கேட்டு எழுதுவது நல்லது. அவர் அறிந்த பாதகங்கள் நமக்குத் தோன்றுவதில்லை.

பருத்திக்காரருக்கும் இதுவே. 'விலை ஏறும்' என்பது நியாயமன்று, ஆசை. குவிண்டால் இன்று 7,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மூன்று மாத வட்டி, கிடங்கு வாடகை, எடைக் குறைவு ஆகியவை சேர்ந்து 280 ரூபாய் ஆகுமானால், 7,280 ரூபாய்க்கு மேல் விலை போகும் என்று நம்பக் காரணம் உண்டா என்பதே கேள்வி. நான்காம் முறை மருந்து அடிப்பதா என்று யோசிக்கும்போது, முன் மூன்று முறை செய்த செலவை எந்தப் பத்தியிலும் எழுதலாகாது. அது எப்படியும் திரும்பி வராது.

பிராங்க்ளினின் கணக்கோடு இன்னொரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. செய்தபின் திரும்பி வர முடியுமா? இரண்டு தறி உள்ளவர் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கலாம். பருத்தியில் பாதியை விற்கலாம். இவற்றுக்கு நீண்ட யோசனை வேண்டாம். நிலத்தை விற்பதும், பிறர் கடனுக்குப் பிணை கையெழுத்திடுவதும் அப்படியல்ல. அங்கே தாள் ஒரு வாரம் கிடந்தாலும் குற்றமில்லை.

சங்கங்களுக்கும் இது பொருந்தும். இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 1833 இல் திறந்த கூட்டுறவுக் கடை ஒன்று, கடனுக்குச் சரக்குக் கொடுத்து 1835 இல் மூடியது. நெசவாளர் பலரைக் கொண்ட முன்னோடிகள் சங்கம் அதே ஊரில் 1844 டிசம்பரில் கடை திறந்தபோது, ரொக்கத்திற்கே விற்பது என்று உறுதி செய்தது. ஏழை அங்கத்தினருக்கு அது கடினமான விதிதான். ஆயினும் முந்தைய கடையின் அனுபவம் எதிர்ப் பத்தியில் கனமாக நின்றது.

நம் நிர்வாகக் குழுக்கள் தீர்மானத்தை மட்டும் நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதுகின்றன. அதன்கீழே இரு பத்தியையும் சுருக்கமாக எழுதி, எந்த நிலை மாறினால், எந்தத் தேதியில் மறுபடி பரிசீலிப்பது என்பதையும் குறித்து வைத்தால், அடுத்து வரும் குழு அதே விவாதத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டியிராது.