புரோப்பேன் டேங்க் வைக்கும் முன் போட வேண்டிய கணக்கு

நியூ ஜெர்சியில் எடிசன், பிளைன்ஸ்பரோ பக்கம் குடியிருக்கும் நம்மவர்களுக்கு கேஸ் என்பது சுவருக்குள்ளிருந்து வருவது. மாதா மாதம் பில் வரும், கட்டிவிட்டு மறந்துவிடலாம். மேற்கே ஹன்டர்டன் கவுன்ட்டி பக்கம் கொஞ்சம் நிலத்தோடு வீடு வாங்கினால் பல தெருக்களில் அந்தக் குழாய் கிடையாது. தண்ணீருக்குச் சொந்தக் கிணறு, கழிவுக்குச் சொந்த செப்டிக் டேங்க், கேஸ் வேண்டுமென்றால் புரோப்பேன் டேங்க். எங்கள் வீட்டுப் பழைய ஆயில் ஃபர்னஸுக்கு ஆயுள் முடிந்தபோது நாங்களும் இந்த வழிக்கு வந்தோம்.

அதிலிருந்து, இந்தப் பக்கம் வீடு பார்க்கும் நண்பர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, “டேங்க் என்ன விலை ஆச்சு?” என்றுதான். அது மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. எதற்கெல்லாம் எரிக்கப்போகிறோம் என்பது முதல் கேள்வி. டேங்க் யார் பெயரில் இருக்கப்போகிறது என்பது இரண்டாவது. இந்த இரண்டுக்கும் பதில் தெரியாமல் விலை விசாரித்தால், விற்க வருபவர் சொல்வதுதான் கணக்கு.

நம்ம ஊர் சிலிண்டரும் இதுவும்

ஊரில் நாம் எரிப்பது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த கேஸ். பியூட்டேன் பூஜ்ஜியம் டிகிரி செல்சியஸை ஒட்டியே கொதிப்பது. இங்கே ஜனவரி இரவில் அது ஆவியாகாமல் திரவமாகவே கிடக்கும், அடுப்பு எரியாது. புரோப்பேனின் கொதிநிலை மைனஸ் 42 டிகிரி. அதனால்தான் குளிர்ப் பிரதேசங்களில் ஏறக்குறைய சுத்தமான புரோப்பேனையே விற்கிறார்கள்.

500 கேலன் டேங்க் என்றால் 400 கேலன்தான் நிரப்புவார்கள். வெயிலில் திரவம் விரிய இடம் வேண்டும் என்பதால் 80 சதவீதத்தோடு நிறுத்துவது விதி. ஒரு கேலன் சுமார் 4.2 பவுண்டு. 400 கேலன் ஏறக்குறைய 760 கிலோ. நம் 14.2 கிலோ சிலிண்டரில் ஐம்பதுக்கும் மேல். இதை ஃபோனில் சொன்னபோது அம்மா, “அம்பது சிலிண்டரைத் தோட்டத்துல புதைச்சு வெச்சுக்கிட்டாடா தூங்குறீங்க?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. பதில் கீழே பாதுகாப்புப் பகுதியில் இருக்கிறது.

முதல் கணக்கு: எதற்கு எரிக்கிறோம்?

ஒரு கேலன் புரோப்பேனில் 91,500 பி.டி.யு. வெப்பம் இருக்கிறது. ஒரு யூனிட் மின்சாரத்தில் 3,412 பி.டி.யு. அதாவது ஒரு கேலன், 27 யூனிட் மின்சாரத்துக்குக் கொஞ்சம் குறைவு. 95 சதவீதத் திறனுள்ள ஃபர்னஸில் எரித்தால் வீட்டுக்குள் வந்து சேருவது 25.5 யூனிட்டுக்குச் சமம்.

மின்சாரம் யூனிட் 20 சென்ட் என்று வைத்துக்கொள்வோம். வெறும் கம்பிச் சுருள் ஹீட்டரில் அதே வெப்பத்தைப் பெற 5 டாலர் 10 சென்ட் ஆகும். புரோப்பேன் 3.50 டாலருக்குக் கிடைத்தால் இந்தப் போட்டியில் புரோப்பேனுக்கே வெற்றி. ஆனால் ஹீட் பம்ப், வெளிக்காற்றிலிருந்து இழுப்பதையும் சேர்த்து, ஒரு யூனிட் மின்சாரத்துக்கு இரண்டரை யூனிட் வெப்பம் தரும். அதில் அதே வெப்பம் 2 டாலர் 4 சென்ட்தான். புரோப்பேன் விலை அதற்கும் கீழே போனால்தான் ஹீட் பம்ப்போடு மோத முடியும். எங்கள் பகுதியில் வீட்டு உபயோகத்துக்கு அந்த விலையை நான் பார்த்ததில்லை.

ஆகவே, வீடு முழுவதையும் குளிர்காலம் பூராவும் புரோப்பேனிலேயே சூடாக்குவது என்ற எண்ணத்தைக் கைவிட்டோம். அன்றாடச் சூட்டுக்கு ஹீட் பம்ப், கடுங்குளிர் இரவுகளுக்கு மட்டும் புரோப்பேன் ஃபர்னஸ், வெந்நீர், அடுப்பு, ஜெனரேட்டர் என்று பிரித்துக்கொண்டோம். ஆண்டுக்கு ஏறக்குறைய 400 கேலனில் முடிகிறது. முழு வீட்டையும் இதிலேயே சூடாக்கியிருந்தால் இரண்டு மடங்குக்கு மேல் போயிருக்கும்.

உங்கள் மின்கட்டண பில்லையும் புரோப்பேன் விலையையும் பக்கத்தில் வைத்து இதே கணக்கைப் போடுங்கள். 25.5-ஐ யூனிட் விலையால் பெருக்குங்கள். ஹீட் பம்ப் என்றால் வருவதை இரண்டரையால் வகுங்கள். புரோப்பேன் விலை அந்த எண்ணுக்கு மேலா கீழா என்று பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

எந்த அளவு டேங்க்?

அடுப்புக்கு மட்டும் என்றால் ஆண்டுக்கு நாற்பது, ஐம்பது கேலன்தான் போகும். வீட்டுச் சுவரோரம் நிற்கும் 120 கேலன் டேங்க் தாராளம். இட்லி, தோசை, சப்பாத்தி, பண்டிகைப் பலகாரம் எல்லாம் அதற்குள் அடக்கம்.

ஆனால் சின்ன டேங்க்கில் ஒரு சிக்கல் உண்டு. உள்ளே இருக்கும் திரவம் ஆவியானால்தான் கேஸ். ஆவியாக்கும் வெப்பம் டேங்க்கின் சுவர் வழியாக வெளியிலிருந்து வர வேண்டும். குளிர் கூடக்கூட, திரவ மட்டம் குறையக்குறைய, ஆவியாகும் வேகமும் குறையும். ஃபர்னஸும் ஜெனரேட்டரும் ஒன்றாக இழுக்கும் இரவில், 120 கேலன் டேங்க்கில் கேஸ் இருந்தும் அழுத்தம் விழுந்துவிடலாம். கேஸ் தேவைப்படுவதே அந்த மாதிரி இரவில்தான்.

ஜெனரேட்டரின் பசியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வீடு முழுவதற்குமான 20 கிலோவாட் ரகம், பாதிச் சுமையில் மணிக்கு இரண்டு, இரண்டரை கேலன் குடிக்கும். ஒரு நாளைக்கு ஐம்பது அறுபது கேலன். 2012 அக்டோபர் கடைசியில் சாண்டி புயல் வந்தபோது இந்த மாநிலத்தில் லட்சக்கணக்கான வீடுகள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. 500 கேலன் டேங்க்கில் 60 சதவீதம் இருந்தால் ஐந்து நாள் தாக்குப்பிடிக்கலாம். 120 கேலன் டேங்க் நிறைய இருந்தாலும் இரண்டு நாளைத் தாண்டாது.

சொந்தமா, வாடகையா?

செலவு எங்கே போய் முடியும் என்பதை முடிவு செய்வது இதுதான். வாடகை டேங்க்கில் அதை வைத்த நிறுவனம் மட்டுமே கேஸ் நிரப்பலாம். பக்கத்து நிறுவனம் எவ்வளவு குறைத்துச் சொன்னாலும் உங்களுக்குப் பயனில்லை. சொந்த டேங்க் என்றால் ஆண்டுக்கு ஒருமுறை நாலு இடத்தில் விலை கேட்டு, குறைந்த இடத்தில் வாங்கலாம்.

எனக்கு வந்த விலைப்பட்டியல்களில், 500 கேலன் டேங்க்கைச் சொந்தமாக வாங்கிப் புதைத்து, குழாய் இழுத்து, பர்மிட் எடுத்துத் தர 7,000 டாலரை ஒட்டிச் சொன்னார்கள். வாடகை என்றால் அதில் சரிபாதி, டேங்க்கின் விலை, குறையும். ஆனால் வாடகைக்காரருக்கு அவர்கள் சொன்ன கேஸ் விலை கேலனுக்கு ஏறக்குறைய 80 சென்ட் கூடுதல். 400 கேலன் எரிக்கும் வீட்டுக்கு அது ஆண்டுக்கு 320 டாலர். சொந்த டேங்க்குக்குப் போட்ட கூடுதல் 3,500 டாலர் பதினோரு ஆண்டில் திரும்பிவிடும். 800 கேலன் எரிப்பவருக்கு ஐந்தரை ஆண்டு போதும். அடுப்புக்கு மட்டும் நாற்பது கேலன் எரிப்பவருக்கு அந்தப் பணம் திரும்பவே திரும்பாது. அவர் கண்ணை மூடிக்கொண்டு வாடகைக்குப் போகலாம்.

வாடகை ஒப்பந்தத்தில் முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் முக்கியம். ஒரு நிறுவனத்தின் தாளில் ஆண்டுக்குக் குறைந்தபட்ச உபயோகம் என்று ஓர் அளவு இருந்தது. அதற்குக் கீழே எரித்தால் அபராதம். அதன் கீழே ஆபத்துப்பொருள் கட்டணம், லாரி எரிபொருள் கட்டணம், விலகினால் டேங்க்கைக் காலி செய்யும் கட்டணம், எடுத்துப்போகும் கட்டணம். புதைத்த டேங்க்கைத் தோண்டி எடுக்கும் செலவும் வீட்டுக்காரர் தலையில். சிக்கனமாக எரித்தால் தண்டனை என்ற ஒப்பந்தத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை.

பழைய வீடு வாங்குகிறவர்கள், தோட்டத்தில் டேங்க் இருக்கிறது என்று சந்தோஷப்படுவதற்கு முன், அது யாருடையது என்பதற்குக் காகிதம் கேளுங்கள். விற்பவர் “எங்களுடையதுதான்” என்று வாயால் சொல்வது போதாது. மூடிக்கு அடியில் தகடு இருக்கும். அதில் தயாரிப்பாளர் பெயர், வரிசை எண், ஆண்டு எல்லாம் இருக்கும். ரசீதில் உள்ள எண்ணோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

தோண்டும் நாள்

125 முதல் 500 கேலன் வரையான டேங்க், தரைக்கு மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும், வீட்டிலிருந்தும் எல்லைக்கோட்டிலிருந்தும் 10 அடி தள்ளி இருக்க வேண்டும். தரைக்கு மேலே 500-ஐத் தாண்டினால் பொதுவாக 25 அடி. 1,000 கேலன் வைக்க நினைக்கும் பலர் அந்த இடத்திலேயே நின்றுவிடுவார்கள். ஊருக்கு ஊர் கூடுதல் விதி இருக்கலாம் என்பதால் டவுன்ஷிப் அலுவலகத்தில் முதலில் கேட்டுவிடுவது நல்லது. செப்டிக் வடிகால் நிலத்தின் மேல் வைக்கக்கூடாது. லாரியின் ஹோஸ் எட்ட வேண்டும்.

மண்வெட்டி வைக்கும் முன் 811-க்கு ஃபோன் செய்தால் இலவசமாக வந்து மின்கம்பி, கேபிள் போகும் வழியைப் பெயின்ட்டால் குறித்துவிட்டுப் போவார்கள். நம் சொந்தச் செப்டிக் குழாய், கிணற்றுக் குழாய் எல்லாம் அதில் வராது. அவற்றை நாம்தான் காட்ட வேண்டும்.

குழி மூடும்போது கூடவே நில்லுங்கள். டேங்க்கின் மேல்பூச்சில் கல் உரசினால் அந்த இடத்தில் துரு பிடிக்கும். அதனால் சுற்றிலும் மணல் போட வேண்டும். டேங்க்கோடு கம்பியால் இணைத்து, மெக்னீசியம் அடங்கிய பை ஒன்றைப் பக்கத்தில் புதைப்பார்கள். டேங்க்கின் இரும்பு அரிபடுவதற்குப் பதில் அந்த மெக்னீசியம் அரிபடும். எங்கள் வீட்டில் பையின் கம்பியை இணைத்த இடத்தை நானே ஃபோனில் படம் எடுத்து வைத்தேன். பல ஆண்டு கழித்து அதைச் சோதிக்க வருபவருக்கு அந்தப் படம் உதவும்.

விலையும் நிரப்பலும்

நிரப்ப வருபவர் டேங்க்கில் அளவு காட்டும் முள்ளை நம்புவதில்லை. பக்கத்தில் உள்ள சின்னத் திருகைத் திறந்துவைப்பார், கேஸ் மெல்லச் சீறிக்கொண்டிருக்கும். 80 சதவீதம் தொட்டதும் அதில் வெள்ளைப் புகையாய்த் திரவம் தெறிக்கும். உடனே நிறுத்திவிடுவார். நாம் பார்க்க வேண்டியது முள்ளைத்தான். அது காட்டுவது கேலன் அல்ல, சதவீதம். 30-க்கு வந்ததும் ஃபோன் செய்துவிடுங்கள். முழுக்கக் காலியானால் கசிவுச் சோதனை செய்யாமல் மறுபடி நிரப்பமாட்டார்கள். அதற்குத் தனிக் கட்டணம்.

வாங்க நல்ல காலம் கோடை. 2013-ல் ஈரமான மக்காச்சோளத்தை உலர்த்த மத்திய மேற்கு மாநிலங்களில் புரோப்பேன் ஏகப்பட்டது எரிந்தது. பின்னாலேயே கடுங்குளிர் வந்தது. 2014 ஜனவரி இறுதியில் வீட்டு விலையின் நாட்டுச் சராசரி கேலனுக்கு 4 டாலரைத் தொட்டது. முன்பணம் கட்டி விலையைப் பூட்டும் திட்டங்கள் இதற்காகத்தான். விலை இறங்கினால் இறங்கிய விலை, ஏறினால் உச்சவரம்பு என்ற திட்டம் கிடைத்தால் அதற்குச் சின்னக் கட்டணம் கொடுப்பதில் தப்பில்லை.

பாதுகாப்பு

அம்மாவுக்குச் சொன்ன பதில் இது: டேங்க்கைவிட வீட்டுக்குள் வரும் குழாயையும் பேஸ்மென்ட்டையும் பார்த்துத்தான் பயப்பட வேண்டும். புரோப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். கசிந்தால் மேலே போகாது, தாழ்ந்த இடத்தில் தேங்கும். அதனால் கேஸ் அலாரத்தைத் தரையை ஒட்டி மாட்ட வேண்டும், புகை அலாரம் மாதிரி கூரையில் அல்ல. நாற்றம் அடித்தால் எந்த சுவிட்ச்சையும் தொடாமல், எல்லாரும் வெளியே போய், அங்கிருந்து ஃபோன் செய்யுங்கள். பனிக்காலத்தில் டேங்க் மூடி இருக்கும் இடத்தில் ஒரு கொடிக்கம்பு நட்டு வையுங்கள். கூரையிலிருந்து சரியும் பனி சுவரோர ரெகுலேட்டர் மேல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் தீர்ப்பு இவ்வளவுதான். அடுப்புக்கு மட்டும் என்றால் 120 கேலன், வாடகை. ஜெனரேட்டரும் கடுங்குளிர் ஃபர்னஸும் வேண்டும், அதே வீட்டில் பத்தாண்டுக்கு மேல் இருப்போம் என்றால் 500 கேலன், சொந்தம். வீடு முழுவதையும் சூடாக்க என்றால், டேங்க்குக்கு முன் ஹீட் பம்ப்புக்கு விலை கேளுங்கள்.