பிளக் எப்போது பொறி விட வேண்டும்?

நான்கு வீச்சு பெட்ரோல் எஞ்சின் படத்தை நாம் எல்லோரும் வரைந்திருக்கிறோம். அழுத்த வீச்சின் முடிவில் பிளக் பொறி விடும் என்று ஒரு வரி எழுதி மார்க்கும் வாங்கிவிடுகிறோம். முடிவில் என்றால் சரியாக எப்போது? பழைய கார் மெக்கானிக்கிடம் கேட்டால், "பிஸ்டன் மேலே வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடியே" என்பார்.

ஏறி வரும் பிஸ்டனுக்கு எதிராகத் தீ வைத்தால் சக்தி வீணாகாதா? கணக்குப் போட்டுப் பார்த்தேன். பெட்ரோல் கலவையில் தீ பரவச் சுமார் 2 மில்லி செகண்ட் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடினால் ஒரு சுற்றுக்கு 20 மில்லி செகண்ட். அந்த 2 மில்லி செகண்டுக்குள் கிராங்க் 36 டிகிரி திரும்பிவிடும்! 750 சுற்றில் ஐடிலிங் ஓடும்போது 9 டிகிரிதான். ஆக, வேகம் கூடக் கூடப் பொறியும் முந்த வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ஸ்பிரிங் போட்ட சின்ன எடைகள் சுழற்சியில் விலகி இதைச் செய்கின்றன. (நம்ம பிசிக்ஸ் சாரின் மையவிலக்கு விசை இங்கேயும் வந்துவிட்டது!)

பழைய பெட்ரோல் அம்பாசிடரில் டைமிங் பார்க்க ஒரு 12 வோல்ட் பல்பு போதும். முதலில் பாயிண்ட் இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும், சுமார் 0.4 மி.மீ. அது மாறினால் டைமிங்கும் மாறும். பிறகு பல்பின் ஒரு வயரை, காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் இணைப்பில் கொடுத்து, இன்னொன்றை பாடியில் எர்த் செய்ய வேண்டும். சாவியை ஆன் செய்து எஞ்சினை அது ஓடும் திசையிலேயே கையால் மெதுவாகத் திருப்பினால், பாயிண்ட் திறக்கும் நொடியில் பல்பு எரியும். அப்போது புல்லியில் உள்ள வெட்டு, கம்பெனி புத்தகம் சொல்லும் டிகிரி குறிக்கு நேராக நிற்க வேண்டும். நிற்காவிட்டால் கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி டிஸ்ட்ரிபியூட்டரைத் துளி திருப்ப வேண்டும். ரோட்டர் சுற்றும் திசைக்கு எதிராகத் திருப்பினால் பொறி முந்தும்.

ஓடும் எஞ்சினில் பார்க்க டைமிங் லைட் இருக்கிறது. முதல் சிலிண்டர் பிளக் வயரில் கரண்ட் பாயும் ஒவ்வொரு முறையும் அது பளிச்சென்று மின்னும். சுற்றுகிற புல்லி அசையாமல் நிற்பதுபோலத் தெரியும். ஃபேனும் சில சமயம் நிற்பதுபோலத் தெரியும், ஆனால் சுழன்றுகொண்டேதான் இருக்கும். கை வைத்தால் விரல் போய்விடும். தொளதொள சட்டையோடு பக்கத்தில் போகவே கூடாது.

பொறி பிந்தினால் இழுவை குறையும், எஞ்சின் சூடாகும். ரொம்ப முந்தினால் மேட்டில் ஏறும்போது டக் டக்கென்று தட்டும். அப்படியே ஓட்டினால் பிஸ்டனே ஓட்டையாகலாம். இப்போது வரும் கார்களில் டிஸ்ட்ரிபியூட்டர் கிடையாது, கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்கிறது.

ஹேண்டில் போட்டு ஸ்டார்ட் செய்யும் பழைய வண்டிகளில் பொறி முந்தினால் ஹேண்டில் திருப்பி அடிக்கும், மணிக்கட்டு உடையும். அதனால்தான் பழைய டிரைவர்கள் கட்டை விரலால் ஹேண்டிலைச் சுற்றிப் பிடிக்காமல், மற்ற விரல்களின் பக்கமே வைத்துக்கொண்டு மேல்நோக்கி இழுப்பார்கள்.