முட்டையும் மூச்சுவிடும்

கோழி தன் முட்டையின்மேல் அமர்ந்து அடைகாக்கும். கடலாமையோ முட்டைகளை மணலில் புதைத்துவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். பிறகு அவற்றுக்குத் தாய் யார்? ஈர மணலே தாய்.

நாம் பயிலும் ஸ்ரீ சிட்டிக்குக் கிழக்கே, பழவேற்காடு ஏரிக்கு அப்பாலுள்ள கடற்கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிடுகின்றன. சென்னையில் 1988 முதல் மாணவர்களே அத்தகைய முட்டைகளைப் பொரிப்பக மணலில் புதைத்துக் காத்து வருகின்றனர்.

இம்முட்டையின் ஓடு தோல் போன்றது. நீரும் காற்றும் அதன் வழியே உட்செல்லும். மணல் உலர்ந்தால் முட்டை ஒடுங்கும். ஈரம் மிகுந்தால் மணல் இடுக்குகளில் காற்றுக்கு இடமின்றிக் கரு மூச்சுத் திணறும்.

ஆய்வுக்கூடத்தில் ஓணான், பாம்பு முட்டைகளுக்கு வெர்மிகுலைட் என்னும் கனிமம் ஏற்றது. சூட்டில் பொரிந்து உப்பிய அது நீரைப் பிடித்துவைக்கும். இலைமக்கைப்போல் பூஞ்சைக்கு உணவாகாது. எடைக்கு எடை நீர் சேர்ப்பது வழக்கம். அது மிக லேசான பொருள் என்பதை மறந்து, நான் முதலில் குவளைக்குக் குவளை ஊற்றினேன், பெட்டி சேறாயிற்று! நல்ல வேளை, அதில் முட்டை இல்லை.

கையில் பிடித்தால் கட்டியாக வேண்டும், நீர் சொட்டலாகாது. முட்டையைப் பாதி புதையுங்கள், புரட்டாதீர்கள். அவ்வப்போது பெட்டியை எடைபோட்டு, குறைந்த அளவு நீரை ஓரமாக விடுங்கள்.

பாதுகாக்கப்பட்ட உயிர்களின் முட்டைகளை வனத்துறை அனுமதியின்றி எடுப்பது 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அனுமதி பெற்று அப்பொறுப்பை ஏற்கும் நண்பர்களே, நீரை நிறுத்து ஊற்றுங்கள். உள்ளே ஓர் உயிர் மூச்சுவிடுகிறது.